பிசிறு வெட்டிய பேச்சு

எங்கள் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. சண்டையா என்று கேட்காதீர்கள். சண்டை போடுவதென்றாலும் நேரில்தானே பேச வேண்டும்! கல்யாணமாகி வந்த புதிதில் பெரியவர்கள் முன்னால் அவரைக் கூப்பிட எனக்குக் கூச்சம். அவருக்கு என்னைவிடக் கூச்சம். தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து "தண்ணி" என்பார். சுவர் எடுத்துத் தராது என்பதால் நான் எடுத்துத் தருவேன். பிறகு மகள் பிறந்தாள். அப்பாடா என்று இரண்டு பேரும் அவளைப் பிடித்துக்கொண்டோம். தொட்டிலில் கிடந்த பிள்ளையிடம், "கண்ணு, உங்கப்பா இன்னிக்கும் தக்காளி வாங்க மறந்துட்டாரு, என்னன்னு கேளு" என்று நான் சொல்லுவேன். "கடையில தக்காளி நல்லால்லைன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு" என்று அவர் சொல்லுவார். பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கிலுகிலுப்பையைக் கடிக்கும்.

அவள் பேசப் பழகியதும் எங்களுக்குப் பெரிய விடிவு வந்தது. எங்கள் வீடு ராயபுரத்தில் இருக்கிறது, சென்னை ராயபுரமில்லை, பனியன் ஊர் ராயபுரம். கீழே கம்பெனி, மேலே வீடு. கம்பெனி என்றதும் கண்ணாடி பதித்த கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் போடும் பனியன் தைக்கிற சின்ன இடம். ஒரு வரிசைத் தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் பிசிறு வெட்டும் பெண்கள், அவ்வளவுதான். தைத்து முடித்த பனியனில் அங்கங்கே நூல் முனை தொங்கிக்கொண்டிருக்கும், அதுதான் பிசிறு. அதை ஒட்டக் கத்தரித்து லட்சணமாக்கித்தான் பெட்டியில் அடுக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் அந்தப் பெண்களோடு போய் உட்கார்ந்துகொள்வாள். சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே வெட்டித் தள்ளுவாள். அப்படி ஒரு கைச்சுத்தம் அவளுக்கு.

மிச்ச நேரமெல்லாம் அவளுக்கும், பின்னால் பிறந்த அவள் தம்பிக்கும் மாடிப்படிதான் உத்தியோகம். நான் மேலிருந்து சொல்வதைக் கீழே போய்ச் சொல்லவேண்டும், அவர் கீழிருந்து சொல்வதை மேலே வந்து சொல்லவேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பசி வந்தால் இன்னும் நீளும். மத்தியானம் பன்னிரண்டரைக்கெல்லாம் என் வயிறு கத்த ஆரம்பித்துவிடும். நான் யாருக்கும் காத்திருக்கிற ஜாதியில்லை. தட்டைப் போட்டு, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அதன் பிறகுதான், "போயி உங்கப்பனைக் கொட்டிக்க வரச் சொல்லு, ஊடுன்னு ஒண்ணு இருக்கறதே அந்தாளுக்கு ஞாபகமில்லை" என்று சொல்லி அனுப்புவேன். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த பிள்ளை இறங்கிப் போகும். என்ன வேலை கிடந்தாலும் மனுஷர் அடுத்த நிமிஷம் படியேறி வந்துவிடுவார். நான் பரிமாறுவேன், அவர் பேசாமல் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போவார். பிள்ளைகள் வளர்ந்து காலேஜுக்குப் போன பின்னாலும் இது நிற்கவில்லை. நான் காலேஜுக்குப் போன் போட்டுச் சொல்வேன், அவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்வார்கள், இவர் மேலே வருவார். நம் வாய்க்கு எத்தனை பயம் பார் என்று எனக்கு உள்ளுக்குள் கர்வம்தான்.

மகள் வேலை கிடைத்துப் பெங்களூர் போனாள். வீடு பாதியாயிற்று. அப்புறம் மகனும் சென்னைக்கு வேலைக்குப் போனான். வீடு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. கட்டில்மேல் ஈரத்துண்டு இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்க ஆள் இல்லை. திட்டுவதற்கு வாய் வந்து, திட்டுவாங்க ஆளில்லாமல் திரும்பிப் போனது. பழக்கத்தில் நான்கு பேருக்கு மாவு ஆட்டிவிட்டு, அது பொங்கி மேடையெல்லாம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அழுதேன். மாவுக்காக அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் அழவில்லை. அவருக்கு வேறு கவலை. முன்பெல்லாம் மாதிரிக்கு ஒரு பனியன் தைத்தால் அளவு பார்க்க எங்கள் பிள்ளைகளைத்தான் நிறுத்தி வைப்பார். அவர்கள் வளர்ந்ததும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்து வரவேண்டும், அந்த வேலையும் மகனுடையதுதான். இப்போது பிடித்து வர ஆளில்லாமல், கரடி பொம்மை போட்ட பனியனை எங்கள் வீட்டு மிக்ஸிக்கு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து சரியாக இருந்ததாம்.

ஆக, இரண்டு பேர் மட்டும் மிச்சம். நடுவில் தகவல் சொல்ல யார்? வேறு யார், பெங்களூரும் சென்னையும்தான்.

ஒரு நாள் மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் கொட்டியிருக்கிறது. இவர் கம்பெனி வாசலில் நின்று பார்க்கிறார். ஒரு சத்தம் போட்டால் எனக்குக் கேட்கும். போட்டாரா? போனை எடுத்துப் பெங்களூருக்கு அடித்திருக்கிறார். அவள் எடுக்கவில்லை. சென்னைக்கு அடித்திருக்கிறார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மறுபடி பெங்களூருக்கு. கடைசியில் அவள் எனக்குப் போன் செய்து, "அம்மா, மோட்டாரை நிறுத்துங்கம்மா!" என்று அலறினாள். பெங்களூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்த சேதியைக் கேட்டு நான் மோட்டாரை நிறுத்தும்போது, கீழே மொபெட்டில் போன ஒருவர் சோப்புப் போடாத குறையாகக் குளித்து முடித்திருந்தார்.

அதாவது பரவாயில்லை. காப்பிதான் பெரும்பாடாகப் போனது. எனக்கு முழங்கால் வலி, படி இறங்கினால் ஏற முடியாது. இவருக்கோ பதினொரு மணிக்குக் காப்பி இல்லாவிட்டால் கண் தெரியாது. யோசித்தார். பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவது என்று மகன் மூலமாகத் திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். கயிறு வாங்கக் கடைக்குப் போயிருக்க வேண்டும். ஊரில் எவனாவது போயிருப்பான். பனியன் கம்பெனிக்காரன் போவானா? கையெட்டும் தூரத்தில் உருளை உருளையாகக் கிடக்கிறதே, ஜட்டிக்கு இடுப்பில் வைக்கிற எலாஸ்டிக்! அதில் கூடையைக் கட்டி மேலே அனுப்பிவிட்டார். நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எலாஸ்டிக் கெட்டியாக இருக்கிறதா என்று இழுத்துக்கூடப் பார்த்தேன். நல்ல சரக்கு.

டம்ளரில் காப்பியை ஊற்றி, கூடையில் வைத்து, மெதுவாக விட்டேன். பாதி தூரம் பதவிசாகத்தான் போனது. அப்புறம் அது என் பேச்சைக் கேட்கவில்லை. விறுவிறுவென்று தரைவரைக்கும் போய், இவர் "வந்திருச்சு" என்று கையை நீட்டுவதற்குள், விருட்டென்று மேலே கிளம்பி வந்து, சன்ஷேடில் முட்டி, மறுபடி கீழே போய், அந்த நேரம் பார்த்து டெம்போவில் ஏற்ற வெளியே கொண்டுவந்த வெள்ளைப் பனியன் கட்டின்மேல் அத்தனை காப்பியையும் கவிழ்த்துவிட்டது. காலி டம்ளர் மட்டும் கூடையோடு குதித்துக்கொண்டே இருந்தது. கம்பெனியில் தைக்கிற பீகார் பையன்கள் "பாப்ரே பாப்" என்று தலையில் கை வைத்தார்கள். இவர் மேலே அண்ணாந்து என்னைப் பார்த்தார். நான் கீழே குனிந்து அவரைப் பார்த்தேன். அப்போதாவது ஒரு வார்த்தை நேரில் திட்டக் கூடாதா! போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து எனக்குச் சேதி வந்தது: "அப்பா ரொம்ப வருத்தப்படறாரும்மா, நீங்க பயந்துட்டீங்களான்னு கேக்கறாரு." முகத்தைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று எனக்குச் சந்தேகம்தான். கறை போகாத அந்தப் பனியன்களை வைத்துத்தான் இன்றைக்கும் நான் தரை துடைக்கிறேன்.

பிள்ளைகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து வீடியோ காலில் வந்தார்கள். எங்கள் இருவரையும் ஒரே சோபாவில் உட்காரச் சொன்னதே ஒரு தினுசாக இருந்தது. மகள்தான் பேசினாள். "இதோ பாருங்க, எங்களால முடியலை. ஆபீஸ்ல அத்தனை பேர் முன்னாடி மோட்டாரை நிறுத்துங்கன்னு கத்திட்டேன். எங்க மேனேஜர் பயந்துபோயி பேசறதை நிறுத்திட்டாரு. இனிமே எந்தச் சேதியும் நாங்க சொல்றதா இல்லை. உங்களுக்குள்ள நீங்களே பேசிக்கங்க." மகன் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான். போன் அணைந்தது.  அவர் தொண்டையைச் செருமினார். ஏதோ பேசப்போகிறார் என்று நிமிர்ந்தேன். செருமல்தான்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை.

வேலை அதிகம் போல என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. பால்கனிக்குப் போய், "ஏனுங்க!" என்று ஒரு குரல் கொடுத்தேன். டெம்போ ஓட்டுகிறவர் திரும்பினார். பால்காரர் திரும்பினார். எதிர்க்கடை வாசலில் நின்ற அத்தனை ஆம்பளைகளும் அண்ணாந்து பார்த்தார்கள். ஊரிலுள்ள எல்லாப் பெண்டாட்டியும் புருஷனை ஏனுங்க என்றுதானே கூப்பிடுகிறாள்! என்னுடையவர் மட்டும் மெஷின் சத்தத்தில் உள்ளே இருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன, "ஒண்ணுமில்லீங்க" என்று தெருவுக்கே சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

ஒரு வாரம் போனது. இரவு வருவார், இட்லியோ தோசையோ தின்பார், டிவியைப் பார்ப்பார், படுத்துவிடுவார். மத்தியானம் மட்டும் வருவதில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது, அந்த மத்தியானச் சோறு ஒன்றுதான் பகல் முழுக்க எனக்கிருந்த மனுஷ முகம் என்று. பிள்ளைகள் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு படிக்கட்டுச் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்குப் பசிக்கும். சரி, நாம் சாப்பிடுவோம் என்று ஒரு வாய் எடுத்தால், இறங்காது. வயிறு அது பாட்டுக்குக் கத்தும், தொண்டை அது பாட்டுக்கு மாட்டேன் என்னும். மூன்று மணிக்கு மேல் ஏதோ இரண்டு உருண்டை விழுங்கி வைப்பேன். பிள்ளைகளுக்காகத்தான் இத்தனை வருஷம் படியேறி வந்தாராக்கும், எனக்காக இல்லையாக்கும் என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. அப்படியானால் இனிமேல் எப்படி? இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் மேலேயும் கீழேயும் இருந்துகொண்டு, இப்படியே கிழவனும் கிழவியுமாவதா?

இந்த லட்சணத்தில் ஒரு நாள் பின்பக்க ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கம்பெனிப் பின்வாசலில், துணிக்கட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, அந்தப் பீகார் பையன்களோடு இவரும் உட்கார்ந்திருக்கிறார். கையில் ரொட்டி. நடுவில் ஒரு சட்டி உருளைக்கிழங்கு. பிய்த்துப் பிய்த்துத் தொட்டுத் தொட்டுத் தின்கிறார். தலையை வேறு ஆட்டுகிறார்! என் சோற்றுக்கு ஒரு நாளாவது தலையாட்டியிருப்பாரா? எனக்கு வந்ததே ஆத்திரம். நேராகப் பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"உங்கப்பா ரொட்டி திங்கறாரு" என்றேன்.

"திங்கட்டும்மா, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? நான் சாம்பார் வெச்சுப்போட்டு உக்காந்திருக்கறேன். வாரத்துல மூணு நாள் அந்தச் சாம்பார் எதுக்கு வெக்கறேன்? 'சாம்பார் கலர் பிரமாதம்னு அப்பா சொன்னாரு'ன்னு நீதானே வந்து வந்து சொல்லுவே? அந்தச் சாம்பாரை உட்டுப்போட்டு உருளைக்கிழங்கு கேக்குதா அவருக்கு?"

 அந்தப் பக்கமிருந்து ஒரு மாதிரிச் சிரிப்புச் சத்தம் வந்தது.

"என்னடி சிரிப்பு?"

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அப்பா அப்படிச் சொல்லலீங்கம்மா."

"பின்னே என்ன சொன்னாரு?"

"'இதென்ன, சாம்பாரா சாயப்பட்டறைத் தண்ணியா'ன்னு உங்கம்மாகிட்டக் கேளுன்னு சொன்னாரு. அதை எப்படிம்மா நான் அப்படியே வந்து சொல்றது? அதான் கலர் நல்லாருக்குதாம்னு சொல்லிட்டேன்."

 எத்தனை வருஷம்! அந்தக் கலர் குறைந்துவிடக் கூடாதே என்று ஒரு கரண்டி மிளகாய்த்தூள் கூடவே போட்டு வந்திருக்கிறேன்!

"இது ஒண்ணுதானா, இன்னும் இருக்குதா?"

"எல்லாமே அப்படித்தாம்மா. நீங்க சொல்றதை அப்படியே அவர்கிட்டயும், அவர் சொல்றதை அப்படியே உங்ககிட்டயும் சொல்லியிருந்தா நம்ம ஊடு இருந்திருக்குமா? கீழ அக்காங்க சொல்லிக் குடுத்த வேலைதானே. பிசிறு வெட்டித்தான் குடுத்தோம். தம்பிக்கும் நாந்தான் பழக்கிவிட்டேன்."

காப்பி கொட்டியதற்கு இவர் வருத்தப்பட்ட கதையும் இப்போது விளங்கிவிட்டது. "நான் சொன்னதுல எதையெல்லாம்டி வெட்டினே?" என்று கேட்டேன். "அது ரொம்ப இருக்குதும்மா, எனக்கு மீட்டிங் இருக்குது" என்று வைத்துவிட்டாள்.

நான் முழங்காலையும் மறந்தேன், வலியையும் மறந்தேன். சாம்பார்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனேன். கம்பெனிக்குள் நான் போவதே அபூர்வம். என்னைப் பார்த்ததும் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பிசிறு வெட்டும் பெண்கள் கத்தரியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இவர் கட்டிங் டேபிளுக்கு அந்தப் பக்கம் கட்டிங் மாஸ்டரோடு நின்றுகொண்டிருந்தார். வாயோரத்தில் உருளைக்கிழங்கு மஞ்சள். கிண்ணத்தை டேபிள்மேல் டங்கென்று வைத்தேன். வைத்தேனே தவிர, அவரைப் பார்த்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழகின பழக்கம், நாக்கு தானாகவே ஆள் தேடியது.

"மாஸ்டர்," என்றேன், "நான் வெக்கறது சாம்பாரா, சாயப்பட்டறைத் தண்ணியான்னு உங்க மொதலாளிகிட்டக் கேளுங்க."

மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குரல் கணீரென்று இருக்கும். துணியை வெட்டினாலும் சொல்லை வெட்டமாட்டார். இரண்டடி தள்ளி நிற்கிற என் புருஷனைப் பார்த்து, "மொதலாளி, அக்கா வைக்கது சாம்பாரா, சாயப்பட்டறைத் தண்ணியான்னு கேக்காவ" என்றார். தெருமுனைவரை கேட்டிருக்கும்.

இவருக்கு முகமெல்லாம் வெளிறிவிட்டது. "மாஸ்டர், அதை யார் சொன்னாங்கன்னு கேளுங்க" என்றார்.

"யாரு சொன்னாவன்னு மொதலாளி கேக்காவக்கா."

"பாப்பா சொன்னாள்னு சொல்லுங்க. அப்பறம், ரொட்டி தொண்டையில எறங்குது, என்ற சோறு எறங்கலையான்னும் கேளுங்க."

"மொதலாளி, ரொட்டி தொண்டையில எறங்குது..." என்று ஆரம்பித்த மாஸ்டர் பாதியில் நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "எனக்கு எதுக்கு இந்த வம்பு! நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான நிக்கிய? எனக்கு வெட்டுத வேல கெடக்கு." மூலையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

 இவர் கிண்ணத்தைப் பார்த்தார். சாம்பார் செக்கச்செவேலென்று இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம் நிமிர்ந்து, மாஸ்டரைப் பார்க்காமல், சுவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சாப்பிட்டயா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "இல்லீங்க" என்றேன்.

"இன்னுமா? அட கெரகமே! மணி ரெண்டாச்சே! இன்னும் நீ அப்படியேதான் கெடக்கறயா?"

"அப்படியேன்னா எப்படி?"

"நான் வராம நீ ஒரு பருக்கை தொடமாட்டியே. பாப்பா தெனமும் வந்து சொல்லுவாளே! 'அப்பா, அம்மா உங்களுக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்கறாங்க, வாங்க'ன்னு. அவ போனதுக்கப்பறம் தம்பி சொன்னான். அதைக் கேட்டா என்ற கையில வேலை ஓடாது, போட்டது போட்டபடி ஓடி வருவேன். இப்ப யாருமே வந்து சொல்றதில்லை. செரி, நீயும் அந்தப் பழக்கத்தை உட்டுட்டே போலன்னு நெனைச்சேன். இத்தனை வருசம் எனக்காகப் பட்டினி கெடந்தவ, இனியாச்சும் நேரத்துக்கு ஒரு வாய் தின்னட்டும், நாம போயித் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் இங்கயே எதையோ தின்னுக்கிட்டு இருந்தேன்."

 அப்படியொரு சேதியை நான் ஒரு நாளும் சொல்லி அனுப்பியதில்லை. நான் அனுப்பியதெல்லாம் கொட்டிக்க வரச் சொல் என்பதுதான். அதுவும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஏப்பத்தோடு அனுப்பியது. என் பெண் அதை மாடிப்படியிலேயே வெட்டி, ஒட்டி, லட்சணமாக்கி, அவள் அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். அந்த மனுஷன் அதை நம்பி, என் பசிக்குப் பயந்துகொண்டு இத்தனை வருஷம் ஓடி ஓடிப் படியேறி வந்திருக்கிறார். நானோ என் வாய்க்குப் பயந்துதான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். மூலையில் அந்தப் பெண்கள் கத்தரியோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் பிசிறை வெட்டினேன்.

"ஆமாங்க," என்றேன். "உங்களுக்காகத்தான் சாப்பிடாம உக்காந்திருக்கறேன். சீக்கிரம் வாங்க."

அது அன்றைக்குப் பொய்யுமில்லை. அவர் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்காலோடு நான் ஒவ்வொரு படியாக ஏற, எனக்குப் பின்னாலேயே சாம்பார் சிந்தாமல் ஏறி வந்தார். கீழே மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

பசி காதை அடைத்ததால், பரிமாறிவிட்டு நிற்கிற வழக்கத்தை விட்டுவிட்டு, நானும் எதிரே ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான நாளாய் அவர் எதிரில் நான் சாப்பிட்டதில்லை. ஒரு வாரத்துப் பசி அது. மூன்று முறை சோறு வாங்கினேன். அவர் தன் தட்டை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பாவம், எத்தனை வருஷப் பசியோ என்று நினைத்திருப்பார். சோற்றுச் சட்டியை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"சாம்பார் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். திருதிருவென்று விழித்தார். பிறகு பக்கத்தில் மகன் உட்காருகிற காலி நாற்காலியைப் பார்த்து, "கண்ணு, கலர் பிரமாதம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்றார்.

எனக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, நானும் அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்: "நாளைக்கு ரசம் வெக்கறேன், உங்கப்பாவை நேரத்துக்கு வரச் சொல்லு கண்ணு."

நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வந்தர்றேன். நீ பசியோட இருக்காதே."